மேஞ்ஜ்: ஒரு நோய்ப்பெயரின் மேய்ச்சல்

நாய் வளர்ப்பவர்களுக்கான துண்டறிக்கை ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் எழுதியதை யாரோ தமிழில் பெயர்த்துக் கொடுத்திருந்தார்கள். மொத்தம் 4 பக்கம். முதல் பக்கத்தில் 'சொரி' என்று இருந்தது, எழுத்துப் பிழையோடு. இரண்டாம் பக்கத்தில் 'சிரங்கு'. மூன்றில் 'தோல் அரிப்பு நோய்'. கடைசிப் பக்கத்துக்கு வருவதற்குள் மொழிபெயர்த்தவருக்கே அலுத்துவிட்டது போல, 'மேஞ்ஜ்' என்று அப்படியே விட்டிருந்தார். படிக்கிறவர் நாய்க்கு 4 நோய் வருமென்று நினைத்துக்கொள்வார். மூலத்தைப் பிரித்துப் பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே சொல்தான்: மேஞ்ஜ் (mange), விலங்குகளுக்கு வரும் ஒரு தோல்நோயின் பெயர்.

பக்கம் வடிவமைக்கும் தம்பி பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மேஞ்ஜ்னா என்னண்ணே? ஆடு மேஞ்ச மாதிரி தோல எதுவோ மேஞ்சிருச்சுன்னு அர்த்தமா?"

சிரித்தேன். சொற்பிறப்பு அகராதியைத் திறந்ததும் சிரிப்பு நின்றுபோனது. நம் பேச்சுவழக்கு 'மேஞ்ச'வுக்கும் ஆங்கில 'மேஞ்ஜு'க்கும் எந்த உறவும் இல்லை. ஒலி ஒத்துப்போனது தற்செயல். இப்படி ஒலியை வைத்து உறவு பிடிப்பதில் நம்மவர்களுக்கு ஆசை அதிகம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவன் சொன்ன பொருள் இருக்கிறதே, அது அச்சு அசல் சரி.

அன்று தொடங்கிய தேடலின் வழக்கு விவரம்தான் இது. வைத்தியம் ஓரமாகத்தான் வரும். விலங்குகளின் தோல்நோய்க்கு ஆங்கிலத்தில் 600 ஆண்டுகளாக வழங்கும் ஒரு சொல் எங்கே பிறந்தது, யார் யார் வாயில் விழுந்து எப்படி மாறியது, அதைத் தமிழில் எந்தச் சொல்லால் பிடிப்பது என்பதே கேள்வி.

'என்ன செய்யுது?'

1400-ஐ ஒட்டி ஆங்கில எழுத்தில் இந்தச் சொல் தென்படத் தொடங்குகிறது. அப்போது அது 'மான்ஜ்யூ' என்பதுபோல நீளமாக இருந்தது. வால் தேய்ந்து இன்று முன்பாதிதான் மிச்சம். வந்தது பழைய பிரெஞ்சிலிருந்து. அங்கே அந்தச் சொல்லுக்கு அரிப்பு என்று பொருள். பசி, ஏக்கம் என்றும் பொருள். வேரோ 'தின்னுதல்'. 'தின்கிறான், தின்கிறது' என்ற வினைமுற்றும் அந்தக் காலப் பிரெஞ்சில் இதே உருவத்தில்தான் நடமாடியது. ஆக, நோயின் பெயரே 'தின்கிறது' என்பதுதான்.

வைத்தியரிடம் போனால் அவர் முதலில் கேட்பது "உடம்புக்கு என்ன செய்யுது?" என்று. அதற்கு நோயாளி சொல்லும் பதில் அப்படியே உறைந்து பெயராகிவிட்டது போலிருக்கிறது. நெருடுவது ஒன்றுதான்: இங்கே நோயாளி நாய். அது வாய் திறந்து 'தின்கிறது' என்று சொல்லவில்லை. மனிதன் தன் தோலில் பட்ட அனுபவத்தை நாயின் தோலுக்குக் கடன் கொடுத்திருக்கிறான். பின்னால் இந்தக் கடன் எப்படிக் கைமாறிப்போனது என்பது இந்த வழக்கின் முக்கியமான திருப்பம்.

பிரெஞ்சு வினைக்கு அப்பன் லத்தீன் 'மாண்டூக்காரே', அதாவது மெல்லுதல். பழைய ரோமானியக் கேலிக்கூத்தில் பெரிய தாடையை ஆட்டிக்கொண்டு வரும் தீனிப்பண்டாரம் ஒருவன் உண்டு, பெயர் மாண்டூக்கஸ். அவனும் இதே குடும்பம். தாடை எலும்புக்கு மருத்துவத்தில் வழங்கும் 'மாண்டிபிள்' அதே வேரின் கிளை. மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டிக்கு ஆங்கிலத்தில் 'மேஞ்ஜர்' என்று பெயர். அதுவும் 'தின்' வேர்தான். தமிழ் விவிலியத்தில் குழந்தை இயேசுவைக் கிடத்தியதாகச் சொல்லும் 'முன்னணை' இருக்கிறதே, ஆங்கில விவிலியத்தில் அந்த இடத்தில் இருப்பது இந்த மேஞ்ஜர். சொறிநாயின் நோயும் கிறிஸ்துமஸ் குடிலின் தொட்டியும் உடன்பிறப்புகள் என்று ஆங்கிலம் பேசுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

பிரெஞ்சுக்காரர்கள் நோய்க்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆனால் உணர்வுக்கு இன்றைக்கும் தின்னும் வினையைத்தான் கூப்பிடுகிறார்கள். அரிப்புக்கு அவர்கள் சொல் 'தெமாஞ்ஜேஸோன்'. அதற்குள்ளே தின்னும் 'மாஞ்ஜே' பச்சையாகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் நடந்தது நேர் எதிர். நோயின் பெயரை இரவல் வாங்கியவர்கள் 'தின்' என்ற பொருளைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். ஆங்கிலேயர் காதில் 'மேஞ்ஜ்' வெறும் ஒலி. எதையும் தின்னாது, மெல்லாது.

நாய்க்கொட்டிலும் ஆட்டுப்பட்டியும்

இந்தச் சொல் எந்த வாசல் வழியாக நுழைந்தது என்று பார்த்தால் வேட்டைநாய்க் கொட்டில் கண்ணில் படுகிறது. 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வேட்டை, குதிரை, பருந்து என்று மேட்டுக்குடிப் பொழுதுபோக்கின் சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்தே வந்தன. பிரான்ஸின் ஃபுவா பகுதிப் பிரபு காஸ்தோன் ஃபேபுஸ் 1387-இல் தொடங்கி ஒரு வேட்டை நூலைப் பிரெஞ்சில் எழுதுவித்தார். அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் யார்க் கோமகன் எட்வர்ட். பின்னால் 1415-இல் அஜின்கூர் போரில் மாண்டவர். அந்த மொழிபெயர்ப்பில் வேட்டைநாய்களின் நோய்களுக்கு ஓர் அத்தியாயமே உண்டு. மேஞ்ஜ் நான்கு வகை என்கிறது அது: உயிர் மேஞ்ஜ், பறக்கும் மேஞ்ஜ், சாதாரண மேஞ்ஜ், கறுப்பு மேஞ்ஜ். நாய் அளவுக்கு மீறி உழைத்ததும், உடம்பு சூடாக இருக்கும்போது அழுக்குத் தண்ணீர் குடித்ததும், கெட்ட இடத்தில் படுத்ததும் காரணங்கள்.

காரணம் முழுக்கத் தவறு. ஆனால் பார்வை தவறவில்லை. பறக்கும் மேஞ்ஜ் உடம்பு முழுக்க வராது, காதுப் பக்கமும் கால்களிலும்தான் அதிகம் என்று எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரின் மேசை நினைவுக்கு வந்தது. நாயை மேசையில் ஏற்றியதும் கத்தியையோ கண்ணாடிச் சில்லையோ தேட மாட்டார். காது மடலின் ஓரத்தை மடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கசக்குவார், காகிதத்தில் ஒட்டிய பசையை உருட்டி எடுப்பது மாதிரி. மடலின் விளிம்பு மொரமொரவென்று தடித்திருக்கும். மூன்று நான்கு தரம் தேய்ப்பதற்குள் அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாக எழும்பிக் காற்றில் சொறிய ஆரம்பிக்கும். நாய் அதை அறிந்து செய்வதில்லை. முகத்தில் ஒரு அசட்டுத்தனம் வேறு. கால் ஆடினால் சொறி என்று கிட்டத்தட்ட முடிவுகட்டிவிடலாம். பிறகுதான் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். சுரண்டலில் உண்ணி (இந்த நோயைத் தரும் நுண்ணிய பிராணி) அகப்படாமல் போவது சாதாரணம். கால் பொய் சொல்வது அதைவிட அரிது.

கொட்டிலுக்கு வெளியே, ஆட்டுப்பட்டியில் வேறு சொல் ஆண்டது. ஆட்டின் இதே மாதிரி நோய்க்கு ஆங்கில இடையர்கள் சொன்னது 'ஸ்காப்'. அது வடக்கேயிருந்து கப்பலேறி வந்த ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியான நார்ஸின் சொல். பிரபுவின் நாய்க்கு நோய் வந்தால் பிரெஞ்சுப் பெயர், இடையனின் ஆட்டுக்கு வந்தால் உழைப்பாளி வாயில் புழங்கிய பெயர். இதில் ஒரு வர்க்கக்கோடு ஓடுகிறது என்பது என் வாசிப்பு, சட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் இன்றுவரை ஆங்கிலத்தில் ஆட்டுக்கு ஸ்காப், நாய்க்கு மேஞ்ஜ் என்ற பங்கீடு மாறவில்லை. 1952-இல் பிரிட்டன் ஆட்டுச்சொறியை ஒழித்துவிட்டதாக நிம்மதி அடைந்ததும், 1973-இல் அது திரும்பி வந்ததும் அரசுப் பதிவேடுகளில் 'ஸ்காப்' என்ற பெயரிலேயே இருக்கின்றன.

சொறிகிற கை, தின்கிற வாய்

நார்ஸ் 'ஸ்காப்' எங்கே போய் முட்டுகிறது என்று பார்த்தால் லத்தீன் 'ஸ்காபியெஸ்' அதற்கு ஒன்றுவிட்ட உறவு. 'ஸ்காபெரே' என்றால் சொறிதல். ரோமானியர் மனிதருக்கும் ஆட்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினார்கள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய காட்டோ, மயிர் கத்தரித்த ஆட்டுக்கு ஒலிவ எண்ணெய்க் கசடு, கடலைவகை ஒன்றை வேகவைத்த நீர், திராட்சைமது வண்டல் மூன்றையும் சம அளவில் கலந்து பூசச் சொன்னார். இரண்டு மூன்று நாள் வேர்க்கவிட்டுக் கடலில் குளிப்பாட்ட வேண்டும். ஒரு நூற்றாண்டு கழித்து விர்ஜில் அந்தக் கலவையில் கந்தகம், கீல், மெழுகு, கடல்வெங்காயம் எல்லாவற்றையும் சேர்த்தார். கவிஞர் சொன்ன மருந்தாயிற்றே என்று தள்ளிவிட வேண்டாம். சுண்ணாம்பும் கந்தகமும் கலந்த கரைசலில் இன்றும் விலங்குகளைக் குளிப்பாட்டுகிறார்கள்.

இந்த இடத்தில் என் குறிப்பேட்டில் இரண்டு பத்தி வரைந்தேன். ஒரு பக்கம் கை செய்வதைப் பார்த்து வைத்த பெயர்கள்: லத்தீன் ஸ்காபியெஸ், ஜெர்மன் 'கிரெட்ஸெ', நம் 'சொறி'. மூன்றுமே சொறியும் செயலிலிருந்து பிறந்தவை. மறுபக்கம் தோல் உணர்வதைச் சொல்லும் பெயர்கள். அந்தப் பத்தியில் பிரெஞ்சுச் சொல்லையும் மேஞ்ஜையும் எழுதிவிட்டு, தமிழில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். யோசிக்கவே தேவையில்லாதபடி வந்து விழுந்தன.

தினவு. 'தின்' என்ற வினையிலிருந்து பிறந்தது. மேஞ்ஜ் எப்படிப் பிறந்ததோ அதே தடத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இன்னொரு மொழியில்.

அரிப்பு. கரையான் அரிக்கிறது, செல்லரித்த ஓலை, மண்ணரிப்பு என்று சொல்கிற அதே அரிப்புதான் தோலில் வந்தால் நோய். கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்பது.

கடி. யாழ்ப்பாணத்தில் உடம்பு கடிக்குது என்றால் எறும்போ கொசுவோ தேட வேண்டாம். அரிக்கிறது என்று பொருள். தமிழகத்துக்காரர்கள் இதைக் கேட்டுவிட்டுப் படுக்கையை உதறுவது உண்டு.

தோலில் ஏற்படும் ஒரு குறுகுறுப்பை 'ஏதோ தின்கிறது' என்று உணர்வது ஒரு மொழியின் கற்பனை இல்லை போலும், தோலே அப்படித்தான் சேதி அனுப்புகிறது. பழைய பிரெஞ்சில் அரிப்பும் ஏக்கமும் ஒரே சொல்லில் இருந்ததையும் நம்மால் உடனே புரிந்துகொள்ள முடியும். 'வாய்த்தினவு' என்கிறோம், 'கை அரிக்குது' என்கிறோம், சண்டைக்கு அலைகிறவனைத் 'தினவெடுத்த தோள்' என்கிறோம். நோய் ஒன்றும் இல்லாமலே தின்னுகிறது.

விலங்கின் தினவைத் தமிழர் கவனித்ததற்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. மரபாகச் சொல்லப்படும் 32 அறங்களில் ஒன்று, மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ளத் தறி நட்டுவைப்பது. ஆவுரிஞ்சு தறி என்பார்கள். யாழ்ப்பாணப் பக்கம் கேணியோரங்களில் நிற்கும் அந்தக் கற்களுக்கு ஆவுரோஞ்சிக்கல் என்று பெயர். தனக்குக் கை இல்லாத பிராணிக்கு ஒரு கையை நட்டுக்கொடுத்த மாதிரி. சோறிடுவதும் தண்ணீர்ப்பந்தல் வைப்பதும் இருக்கும் பட்டியலில் மாட்டின் முதுகரிப்பையும் சேர்த்த மனது பெரிய மனது. இதில் ஒரு வேடிக்கை: ஆட்டுச்சொறி உண்ணி உடலைவிட்டு உதிர்ந்த பின்னும் 2 வாரத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். தேய்த்த இடத்தில் ஒட்டிய மயிர்த்துணுக்கு போதும், அடுத்து வந்து தேய்க்கும் பிராணிக்குப் பற்றிக்கொள்ள. சொறி வந்த பட்டியில் அறத்தூணைக் கழுவாமல் விட்டால் நோயும் தர்மம் செய்யும்.

'சொறி', 'சொரி' விவகாரத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். வல்லின றகரம் போட்டால்தான் அது நோய். இடையின ரகரம் போட்டால் மழை சொரிகிறது, பூச் சொரிகிறது. துண்டறிக்கையின் முதல் பக்கத்தில் நாய் மேல் பூமாரியே பொழிந்துகொண்டிருந்தது.

தின்னுகிறவனைக் கண்டுபிடித்தார்கள்

பெயர் 'தின்கிறது' என்று சொல்லி முந்நூறு ஆண்டுக்குக் கிட்டத்தில், தின்பது யார் என்று முதன்முறையாகத் தெளிவாக வரைந்து காட்டினார்கள். 1687-இல் இத்தாலியில் ஜொவான்னி கோசிமோ பொனோமோ என்ற மருத்துவரும் டியாசிந்தோ செஸ்தோனி என்ற மருந்துக்கடைக்காரரும் சேர்ந்து, பிரான்செஸ்கோ ரெடி என்ற அறிவியலாளருக்கு எழுதிய கடிதமாக அதை வெளியிட்டார்கள். தூண்டுதல் எங்கிருந்து வந்தது என்பதுதான் அழகு. ஏழைப் பெண்கள் சிரங்கு பிடித்த பிள்ளைகளின் தோலிலிருந்து ஊசிமுனையால் எதையோ நெம்பி எடுப்பதையும், லிவோர்னோ சிறைக்கொட்டடியில் அடிமைகள் ஒருவருக்கொருவர் அப்படியே செய்துகொள்வதையும் பார்த்திருக்கிறார்கள். எடுத்ததை நுண்ணோக்கியில் வைத்தார்கள். ஆமை மாதிரி முதுகோடு ஆறு காலிருப்பதாக எழுதினார்கள். வளர்ந்ததற்கு எட்டு, குஞ்சுக்கு ஆறு.

மருத்துவ உலகம் நம்பவில்லை. உடம்புக்குள்ளே இரத்தம் கெட்டதால் வரும் நோய் என்ற பழைய பாட்டையே பாடியது. 1812-இல் பாரிஸில் காலே என்பவர் உண்ணியைப் பார்த்ததாகச் சொல்லிப் படமும் கொடுத்தார். அது பாலாடைக்கட்டியில் வாழும் வேறொரு பூச்சியின் படம் என்று பின்னால் தெரிந்து மானம் போனது. 1834-இல்தான் முடிச்சு அவிழ்ந்தது. கோர்சிகாத் தீவிலிருந்து படிக்க வந்த ரெனூச்சி என்ற மாணவர், ஊர்ப் பெண்கள் செய்வதைப் பார்த்திருந்தபடி, பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எல்லோர் முன்னிலையிலும் ஊசியால் உண்ணியை எடுத்துக் காட்டினார். அதுவரை மருத்துவர்கள் கொப்புளத்துக்குள் தேடிக்கொண்டிருந்தார்கள். உண்ணி கொப்புளத்தில் இருப்பதில்லை, அது குடைந்துகொண்டுபோகும் சுரங்கத்தின் கடைக்கோடியில் இருக்கும். பெண்களுக்குத் தெரிந்த இடம் பேராசிரியர்களுக்குத் தெரியவில்லை.

இதற்குள் அறிவியல் பெயர்களும் வந்துவிட்டன. இந்தச் சொறி உண்ணிக்கு 1802-இல் லத்ரேய் வைத்த 'சார்காப்டிஸ்' என்ற பேரினப் பெயர் கிரேக்கத்தில் 'சதை வெட்டி'. மயிர்க்காலில் வாழும் வேறொரு உண்ணிக்கு 1843-இல் ரிச்சர்ட் ஓவன் வைத்த 'டெமோடெக்ஸ்', 'கொழுப்புப் புழு'. மரத்தைக் குடையும் புழுவின் பெயரை எடுத்துக் கொழுப்போடு ஒட்டினார்கள். செல்லரிப்பு என்று நாம் சொன்னதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

ஆக, பழைய பெயர் ஜெயித்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். நானும் அப்படித்தான் ஒரு நாள் முழுக்க மகிழ்ந்திருந்தேன். பெண் உண்ணி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. தோலின் மேலடுக்கில் சுரங்கம் வெட்டிக்கொண்டு, கரைந்த தோலணுக்களையும் அதில் ஊறும் நீரையும் தின்றுகொண்டு, வழியெல்லாம் முட்டையிட்டுக்கொண்டு போகிறது. தின்கிறதுதான். ஆனால் அரிப்பு அதனால் இல்லை. உண்ணியின் உமிழ்நீருக்கும் கழிவுக்கும் நம் உடம்பே காட்டும் ஒவ்வாமைதான் அந்த அரிப்பு. முதல்முறை சிரங்கு பற்றும் மனிதருக்கு 4 முதல் 6 வாரம் வரை ஒன்றுமே தெரியாது. உண்ணி உட்கார்ந்து தின்னும். தோல் சும்மா இருக்கும். உடம்பு விழித்துக்கொண்ட பிறகுதான் கத்தல்.

டெமோடெக்ஸ் கதை இன்னும் மோசம். அது பெருகினால் நாய்க்கு மயிர் கொட்டும், தோல் சிவக்கும், கிருமி சேர்ந்து சீழ் கட்டும். அந்தக் கிருமி சேராதவரை பெரும்பாலும் அரிப்பே இருக்காது. ஆனால் ஆங்கிலத்தில் அதற்கும் பெயர் மேஞ்ஜ்தான். 'தின்கிறது' என்ற முறையீட்டிலிருந்து பிறந்த பெயர், முறையிடவே இல்லாத நோய்க்கும் போய் ஒட்டிக்கொண்டது. எதனால்? இரண்டு நாயும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால்.

கண்ணுக்கு மாறிய சொல்

இதுதான் நான் முதலில் சொன்ன திருப்பம். மேஞ்ஜ் பிறந்தபோது அது உள்ளே இருப்பவரின் சொல். 16-ஆம் நூற்றாண்டில் 'மேஞ்ஜி' என்று பெயரடை பிறந்ததும் வெளியே நிற்பவரின் சொல் ஆகிவிட்டது. மயிர் கொட்டியது, அழுக்கு, இழிந்தது, விரட்டப்பட வேண்டியது. ஷேக்ஸ்பியர் நாடகத்தின் நாயகன் டைமன், தன்னைச் சீண்டுகிறவனைச் 'சொறிநாய்க்குப் பிறந்தவனே' என்ற பாணியில் திட்டும்போது யாருக்கும் எங்கேயும் அரிக்கவில்லை. ஸ்காப்புக்கும் அதே கதி. முதலில் ஆட்டு நோய், பிறகு வசை, 18-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வேலைநிறுத்தத்தை உடைக்கிறவனின் பெயர். அவனுக்குத் தமிழில் பெயர் கருங்காலி. நல்லவேளை, மரத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

நாமும் யோக்கியம் இல்லை. 'சொறிநாயே' என்று தெருவில் கத்துகிறவன் அந்த நாய்க்கு மருந்தில் தீரும் நோய் இருப்பதை நினைத்துக் கத்துவதில்லை. தவளையைவிடத் தேரைக்கு முதுகு கரடுமுரடாக இருப்பதால் அதைச் சொறித்தவளை என்கிறோம். அதற்கு நோயும் இல்லை, அரிப்பும் இல்லை. தோற்றம் போதும். கடற்கரையில் மட்டும் வார்த்தை நேர்மையாக இருக்கிறது: இழுதுமீனைச் 'சொறி' என்பது, தொட்டால் நமக்குச் சொறியும் என்பதால்.

எதிர்த்திசையில் ஒரு சொல் நடந்ததையும் சொல்ல வேண்டும். கிரேக்கத்தில் நரி 'அலோபெக்ஸ்'. நரிக்கு வரும் சொறிக்கு அதை வைத்தே பெயரிட்டார்கள், மயிர் கொட்டி நிற்பதால். அந்தப் பெயர் மனிதனுக்குத் தாவி, இன்று தலைமயிர் கொட்டுவதற்கான மருத்துவப் பெயர் 'அலோபீசியா'. வழுக்கை விழுந்தவர் பெரிய மருத்துவரிடம் போய்ப் பணம் கட்டி வாங்கிவரும் சீட்டில் எழுதியிருப்பது நரிச்சொறி. நரிக்கு இது விளையாட்டு இல்லை: 1994-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் சொறி புகுந்தபோது இரண்டே ஆண்டில் அங்கிருந்த நரிகளில் நூற்றுக்கு 95-க்கு மேல் அழிந்தன.

மனிதருக்கும் விலங்குக்கும் தனித்தனிப் பெயர் வைக்கும் பழக்கமும் கவனிக்கத்தக்கது. உண்ணி ஒரே இனம், சார்காப்டிஸ் ஸ்கேபியை. ஒவ்வொரு பிராணிக்கும் பழகிய வகைகள் உண்டு, அவ்வளவுதான். ஆங்கிலம் மனிதனுக்கு 'ஸ்கேபீஸ்', நாய்க்கு 'மேஞ்ஜ்' என்று வேலி போட்டிருக்கிறது. ஜெர்மனும் 'கிரெட்ஸெ', 'ரொய்டெ' என்று பிரிக்கிறது. ஸ்பானியம் இரண்டுக்கும் 'சார்னா' என்கிறது. தமிழிலும் சொறி இருவருக்கும் பொது: லேவியராகமம் 22:22 பலிக்கு ஆகாத விலங்குகளின் குறைகளை அடுக்கும் இடத்தில் தமிழ்ப் பெயர்ப்பில் உள்ள 'சொறி', உபாகமம் 28:27-இல் மனிதர் மேல் வரும் சாபத்திலும் இருக்கிறது. வேலி இல்லாததில் ஒரு நன்மை உண்டு. நாயின் உண்ணி வீட்டுக்காரர் தோலிலும் ஏறிச் சில நாள் அரிக்கவிடும் என்று சொன்னால் தமிழ் வாசகர் உடனே நம்புகிறார். 'மேஞ்ஜ் எப்படி மனுஷனுக்கு வரும்?' என்று ஆங்கிலத்தில் கேட்பவருக்கு முதலில் வேலியைப் பிடுங்க வேண்டும்.

துண்டறிக்கைக்குத் திரும்பி

இவ்வளவையும் தலையில் வைத்துக்கொண்டு 4 பக்கத்துக்கு வந்தேன். 'சிரங்கை' எடுத்துவிட்டேன். அது கொப்புளமும் புண்ணுமாக மனிதத் தோலைத்தான் கண்முன் நிறுத்துகிறது. 'தோல் அரிப்பு நோய்' அலுவலகத்தில் பிறந்த குழந்தை, யாரும் வாயால் சொல்வதில்லை. சார்காப்டிஸ் வகைக்கு 'சொறி' என்று எல்லா இடத்திலும் ஒரே சொல், வல்லின றகரத்தோடு. டெமோடெக்ஸ் வகைக்குச் சொறி என்று போடக் கை வரவில்லை, சொறியாத நாய்க்கு எப்படிப் போடுவது? 'மயிர்க்கால் உண்ணி நோய்' என்று விளக்கமாகவே எழுதினேன். நீளம்தான். பொய் இல்லை.

எழுதியபின் கவனித்தேன்: 'உண்ணி'. உண்பது எதுவோ அது உண்ணி. ஒட்டிக்கொண்டு உண்பது ஒட்டுண்ணி. பிரெஞ்சுக்காரன் நோயின் பெயரில் வைத்த தின்னுதலை நாம் தின்னும் பிராணியின் பெயரிலேயே வைத்திருக்கிறோம். தினவு தன் வேரை மறந்துவிட்டது, அரிப்பு பாதி மறந்துவிட்டது, உண்ணி மறக்கவில்லை.

கடைசியாக ஒரு வாக்கியம் மிச்சமிருந்தது. அதை 'உண்ணிகள் தோலின் மேலடுக்கில் சுரங்கம் அமைத்து உணவு உட்கொள்கின்றன' என்று பெயர்த்திருந்தார்கள். 'உட்கொள்கின்றன'வைப் படித்தால் உண்ணி இலை போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. தம்பியைக் கூப்பிட்டு, "நீ அன்னிக்கு என்ன சொன்ன?" என்று கேட்டேன். அவனுக்கு நினைவில்லை. அடித்துவிட்டு எழுதினேன்: 'உண்ணி நாயின் தோலுக்குள் மேய்கிறது. காது ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் ஆடினால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.'